ஏழாம் அத்தியாயத்தோடு சிங்கப்பூரில் ஐந்து நாள்

தேக்கா சந்தையில் ஆப்பம் சாப்பிட்டு முடித்து எழுந்தபோது பின்னாலிருந்து ஒரு சீனப் பெரியவர் என்னைக் கூப்பிட்டார். என் தட்டைக் காட்டினார், தூரத்தில் இருந்த ஒரு அடுக்கைக் காட்டினார், ஏதோ வேகமாகச் சொன்னார். பக்கத்து மேசைக்காரர் தமிழில் எடுத்துச் சொன்னார்: "தட்டக் கொண்டுபோய் அங்க வைக்கணுமாம். ஆபீசர் பாத்தா ஃபைன் போடுவாங்கன்னு உங்க நல்லதுக்குத்தான் சொல்றாரு." எங்கள் திருச்சியில் சாப்பிட்ட தட்டை நானே தூக்கினால் சர்வர் கோபித்துக்கொள்வார். இங்கே தூக்காவிட்டால் அரசாங்கம் கோபித்துக்கொள்ளும். ஐம்பத்திரண்டு வயதில் முதல் வெளிநாட்டுப் பயணம்; முதல் பாடம் எச்சில் தட்டு.

நான் ஒரு சின்னப் பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவள். மற்றவர்கள் எழுதியதில் ஒற்று விட்ட இடத்தைத் தேடித் தேடியே கண்ணாடியின் பவர் ஏறியது. சிங்கப்பூரில் வேலாயுதம் என்று ஒரு பெரியவர். இந்த நாடு பிறக்கிற காலத்தில் மேடையில் தமிழில் பேசியவர், தொழிற்சங்கத்தில் இருந்தவர், ஒரு தவணை தேர்தலில் நின்று ஜெயித்தவர். எண்பத்தெட்டு வயதில் தன் வரலாற்றை எழுதி எங்களிடம் அனுப்பியிருந்தார். அதற்குள் கண் போய்விட்டதால் யாராவது எதிரில் உட்கார்ந்து முழுதும் படித்துக் காட்டினால்தான் அச்சுக்குச் சம்மதிப்பேன் என்றார். எங்கள் முதலாளி போவதாக இருந்தது. அவருக்கு இதய அறுவை சிகிச்சை நடந்துவிட, மெய்ப்புத் தாள்களோடு என்னை அனுப்பிவிட்டார்கள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. சிராங்கூன் ரோட்டில் நடக்க இடமில்லை. அத்தனை பேரும் ஆண்கள், அத்தனை பேரும் நம்மூர் முகம். புல்தரையில் வட்டம் வட்டமாக உட்கார்ந்து போனில் வீட்டோடு பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "ஒண்ணும் இல்லப்பா, கால்ல லேசா இடிச்சிருச்சு, அவ்வளவுதான்." அவர் காலில் முழங்கால் வரை மாவுக்கட்டு. போனைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்து முகம் மட்டும் தெரியும்படி பார்த்துக்கொண்டார். நான் அந்தப் பக்கம் பார்க்காதது போல் நடந்தேன்.

இரண்டாம் நாள் குவீன்ஸ்டவுன். ரயில் நிலையத்துக்கு வேலாயுதத்தின் மகள் கலா வந்திருந்தார். பள்ளியில் துணை முதல்வராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லாவற்றையும் கால அட்டவணை மாதிரி சொன்னார்: "ஒன்பதரைக்கு ஸ்டார்ட், பன்னிரண்டரைக்கு லஞ்ச், அப்பா ரெண்டு மணிக்குத் தூங்கணும். ஓகே லா மிஸ்?"

பழைய அடுக்குமாடி. ஆறாவது மாடியில், ஜன்னலோரம் சாய்வு நாற்காலியில் வேலாயுதம் இருந்தார். வெள்ளைச் சட்டையைக் கழுத்து வரை பொத்தான் போட்டிருந்தார். எனக்காகப் போட்டது என்று புரிந்தது.

"கண்ணுதாம்மா போச்சு. காது கெட்டி. ஒத்துப் பிழை இருந்தா காதுல உறுத்தும். படிங்க" என்றார்.

உண்மைதான். இரண்டு இடத்தில் என்னையே திருத்தினார். துறைமுகத்தில் எழுத்தராகச் சேர்ந்தது, சங்கம் கட்டியது, திடல்களில் கூட்டம் போட்டது என்று ஆறு அத்தியாயம். சின்னச் சின்ன வாக்கியங்கள். எழுவாய் ஒன்று, பயனிலை ஒன்று. நல்ல எழுத்து. அந்தக் காலத்தில் ஒரே மேடையில் நான்கு மொழியில் பேசுவார்களாம். தமிழ் கடைசியாக வரும். அதற்குள் பாதிக் கூட்டம் எழுந்து போய்விடும். போகாமல் உட்காரவைத்த ஒரே ஆள் சுப்பையா. வேலாயுதத்தைவிட மூன்று வயது இளையவர், துறைமுகத்தில் அதே கிட்டங்கியில் வேலை. வேலாயுதம்தான் அவரைச் சங்கத்துக்குக் கூட்டி வந்தவர். ஆனால் அவரைப் பற்றிய பேச்சு முழுக்க ஏழாம் அத்தியாயத்தில்தான் இருந்தது. முதல் ஆறில் "ஒரு தோழர்", "இளைஞர் ஒருவர்" என்றே போயிருந்தார்.

மதியம் மீன்குழம்பு, சோறு, ஒரு கிண்ணத்தில் மிளகாய்ச் சம்பல். சாப்பிடும்போது வேலாயுதம் எழுதாத ஒன்றைச் சொன்னார். "கட்சியில மேல இருந்தவங்க ஒரே பொட்டலத்துல நாசி லெமாக் சோறு தின்னவங்கம்மா. கட்சி ரெண்டா உடைஞ்சதுக்கு அப்புறம் ஒருத்தர் பேர ஒருத்தர் சொல்ல மாட்டாங்க. 'அந்த ஆளு'ம்பாங்க. நாங்க கீழ இருந்தவங்க. எங்களுக்கும் அப்படியே இறங்கிருச்சு."

அவர் தூங்கி எழுந்ததும் ஏழாம் அத்தியாயத்தைப் படித்தேன். பதினொரு பக்கம். கட்சி உடைந்தபோது சுப்பையா வெளியேறியவர்களோடு போனார். வேலாயுதம் இருந்த இடத்திலேயே இருந்தார். பிறகு கைது தொடங்கியது. சுப்பையா தலைமறைவானார். அந்தப் பக்கம் வந்ததும் என் குரல் மெதுவானது. எழுதியிருந்தது இதுதான்: "கொள்கை வேறுபாட்டின் காரணமாகவும், பிறக்கவிருந்த நாட்டின் நலன் கருதியும், மிகுந்த மன வேதனைக்கிடையே, அவர் தங்கியிருந்த இடம் உரியவர்களுக்கு என்னால் தெரிவிக்கப்பட வேண்டிய நிலை ஏற்பட்டது." புத்தகம் முழுக்க ஐந்து சொல்லில் பேசிய மனிதர், இங்கே மட்டும் நான்கு வரிக்கு மூச்சுவிடாமல் போயிருந்தார்.

"எப்படி இருக்கு?" என்றார்.

"பிழை எதுவும் இல்லை ஐயா."

அவர் சிரித்தார். என் பதில் அவருக்குப் புரிந்தது என்று நினைக்கிறேன்.

சமையலறையில் கலா என்னைப் பிடித்துக்கொண்டார். "இந்த சாப்டரை எடுத்துடுங்க மிஸ். என் பசங்க படிப்பாங்க. கிராண்ட்பா ஃபிரெண்டைப் பிடிச்சுக் குடுத்தாருன்னு... நோ லா. அந்தம்மா இருக்காங்க, சுப்பையாவோட வைஃப் ராஜாமணி, மார்சிலிங்ல. அவங்க சம்மதிச்சாத்தான் போடுவோம்னு அப்பாகிட்ட சொல்லியிருக்கேன்." அந்த அம்மா மறுத்துவிடுவார் என்று கலா உறுதியாக நம்பினார்.

வேலாயுதமும் அதற்கு ஒப்புக்கொண்டிருந்தார். "ராஜாமணி கேக்கட்டும். அது சரின்னா சரி."

"நீங்க பார்த்துப் பேசினதில்லையா ஐயா?"

"அறுபது வருஷமாச்சு. ஒரே ஊருதான். போகல."

குவீன்ஸ்டவுனிலிருந்து மார்சிலிங்குக்கு ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. திருச்சியிலிருந்து புதுக்கோட்டை போகிற நேரம்தான்.

எனக்கு மறுநாள் இரண்டு மணி நேரம் ஆனது. ரயிலில் எதிர்த்திசையில் ஏறிவிட்டேன். பெயர்ப் பலகைகளின் தமிழைச் சரிபார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்ததில் பத்து நிலையம் போன பிறகுதான் உறைத்தது. திரும்பி வந்து, மாறி, மார்சிலிங்கில் இறங்கி, அங்கேயும் புளோக் எண்ணையும் வீட்டு எண்ணையும் மாற்றிப் படித்து வேறு யாரோ ஒரு மலாய்க்காரர் வீட்டு மணியை அடித்தேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து சரியான புளோக்கின் லிஃப்ட் வரை கொண்டுவந்து விட்டார். வழியெல்லாம் மலாயில் பேசிக்கொண்டே வந்தார். எனக்குப் புரியவில்லை என்பது அவருக்கு ஒரு பொருட்டாக இல்லை.

ராஜாமணிக்கு எண்பத்திரண்டு வயது. இரண்டு அறை வீட்டில் தனியாக இருந்தார். மகள் ஆஸ்திரேலியாவில். மருத்துவமனைச் சலவைப் பிரிவில் முப்பது வருடம் வேலை பார்த்த கைகள். விரல் கணுக்கள் புடைத்திருந்தன. எனக்கு மைலோ கலக்கிக் கொடுத்துவிட்டு, தரையில் செய்தித்தாள் விரித்து நெத்திலிக் கருவாட்டின் தலையைக் கிள்ள உட்கார்ந்தார்.

"படிங்கம்மா. நான் கை சும்மா இருந்தா கவனிக்க மாட்டேன்."

படித்தேன். அந்த நான்கு வரி வாக்கியம் வந்தபோதும் அவர் கை நிற்கவில்லை. முடித்த பிறகு நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். அவர் கணவரின் இருப்பிடத்தைச் சொன்னது வேலாயுதம் என்று அச்சில் வரலாமா?

"அது எனக்குத் தெரியும்மா. அன்னைக்கே தெரியும்."

"எப்படிம்மா?"

"நான்தானே போய் அவர்கிட்ட சொன்னேன்." கருவாட்டை ஒரு பக்கமாக ஒதுக்கினார். "எங்க வீட்டுக்காரரு கடற்படைத் தள குவார்ட்டர்ஸ்ல ஒரு சொந்தக்காரர் வீட்ல ஒளிஞ்சிருந்தாரு. எனக்குக் கல்யாணமாகி எட்டு மாசம். 'அண்ணன்கிட்ட மட்டும் சொல்லு, அவர் மேல இருக்கிறவங்ககிட்ட பேசி எதாவது பண்ணுவாரு'ன்னு என்னை அனுப்பினாரு. வேலாயுதம் அண்ணன் வாசல்ல நின்னு கேட்டாரு. 'சரிம்மா, நீ போ'ன்னாரு. மூணாம் நாள் விடியக்காலம் வந்து பிடிச்சாங்க."

விசாரணை எதுவும் இல்லாமல் நான்கு வருடம் சிறை. வெளியே வந்தபோது நாடு பிறந்திருந்தது, கொடி வந்திருந்தது, வேலாயுதம் மாலையோடு பத்திரிகையில் இருந்தார். சுப்பையாவுக்கு யாரும் நல்ல வேலை தரவில்லை. கிடங்குகளுக்குக் காவல் இருந்தார். மேடை இல்லை. வீட்டில்கூடச் சத்தம் போட்டுப் பேசமாட்டாராம். மகளுக்குப் பத்து வயதாகும்போது ஈரல் கெட்டு இறந்துபோனார். குடி.

"அப்ப, போட வேண்டாமாம்மா?"

"யாரு போட வேணாம்னா? போடுங்க. ஆனா இதைச் சரியாப் போடச் சொல்லுங்க. கொள்கை வேறுபாடாம்!" முதல் தடவையாகக் குரல் உயர்ந்தது. "எம் பொண்ணும் அப்படித்தான் நினைச்சிட்டிருக்கு. அப்பா கொள்கைக்காக உள்ள போனாருன்னு. கொள்கையில்ல. ஒரு மைக்கு."

அவர் சொன்னதை நான் என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். கட்சி உடைவதற்கு முந்தைய வருடம் ஒரு பெரிய கூட்டம். மேலே இருந்த தலைவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். தமிழில் பேச வேலாயுதத்துக்கு இடம். அவர் தன் அம்மாவைக் கூட்டி வந்து முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார். தாளில் எழுதி வைத்துப் படித்தார். கூட்டம் கலையத் தொடங்கியது. மேடையிலிருந்த தலைவர் ஒருவர் கையைக் காட்டி, பாதியிலேயே சுப்பையாவை மைக்குக்குக் கூப்பிட்டார். எழுந்தவர்கள் திரும்பி உட்கார்ந்தார்கள். கைதட்டினார்கள். வேலாயுதம் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பின்னால் போய் உட்கார்ந்தார்.

"அதோட விட்டிருந்தாக்கூடப் பரவால்ல. எங்க வீட்டுக்காரரு விடல. அண்ணன் தாளைப் பாத்துப் படிக்கிற மாதிரி நடிச்சுக் காட்டுவாரு. கண்ணாடிய இறக்கி, தொண்டையச் செருமி... சங்க ஆபீஸ்ல, கல்யாண வீட்ல, எங்க பாத்தாலும். எல்லாரும் உருண்டு சிரிப்பாங்க. எங்க வீட்ல ஒரு நாள் ஏழெட்டுப் பேர் வந்திருந்தப்ப அதையே பண்ணிக்கிட்டு இருந்தாரு. திரும்பிப் பாத்தா அண்ணன் வாசல்ல நிக்கிறாரு. கைல ஒரு பை, மங்குஸ்தான் பழம். நாங்க புதுசாக் கல்யாணமானவங்கன்னு வாங்கிட்டு வந்திருக்காரு. பையக் கீழ வச்சாரு. போயிட்டாரு."

ஒதுக்கிய கருவாட்டைத் திரும்ப முன்னால் இழுத்துக்கொண்டார்.

"யாரும் எந்திரிச்சுப் போய் அவரைக் கூப்பிடலம்மா. அவர் தல மறைஞ்சதும் திரும்பச் சிரிச்சோம். நானுந்தான் சிரிச்சேன். அதையும் எழுதச் சொல்லுங்க. எங்க வீட்டுக்காரரு பண்ணினது, நான் சிரிச்சது, எல்லாம் வரட்டும். அப்புறம் அவரு காட்டிக்குடுத்ததும் வரட்டும். அப்படின்னா எனக்குச் சம்மதம்."

மேலே இருந்தவர்களுக்குள் நடந்தது கொள்கையா, மைக்கா என்று எனக்குத் தெரியாது. அதையெல்லாம் படித்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். திரும்பும் ரயிலில் நான் நினைத்துக்கொண்டிருந்தது பழப் பையை மட்டும்தான். அதை அவர்கள் சாப்பிட்டார்களா என்று கேட்காமல் வந்துவிட்டேன்.

நான்காம் நாள் மழை. குவீன்ஸ்டவுனில் கோப்பிக் கடைக்குள் ஒதுங்கி 'காபி' என்று கேட்டு, கெட்டிப் பால் ஊற்றிய ஒரு கறுப்புக் குழம்பை வாங்கிக் குடித்தேன். இனிப்பு தொண்டையிலேயே நின்றது. மேலே போக மனமில்லாமல் இரண்டாவதும் வாங்கினேன்.

வேலாயுதம் அதே பொத்தான் போட்ட சட்டையில் காத்திருந்தார். கலாவும் வந்து உட்கார்ந்தார். நான் குறிப்பேட்டைத் திறந்து, ராஜாமணி சொன்னதை அவர் சொன்னபடியே படித்தேன். மைக்கு வந்தது. தாளை மடித்தது வந்தது.

"எங்கம்மா முன்வரிசைல இருந்தாங்க. அதைச் சொல்லுச்சா?" என்றார்.

"சொன்னாங்க ஐயா."

"மறக்கல" என்றார். தொடரச் சொல்லிக் கையைக் காட்டினார்.

மங்குஸ்தான் பை வந்தபோது அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் முழுதும் படித்து முடித்தேன். கீழே எங்கோ பஸ் நின்று கதவு திறக்கும் ஓசை கேட்டது.

"அப்பா, இது உண்மையா?" என்று கலா கேட்டார். சமையலறையில் என்னிடம் பேசிய குரல் இல்லை இது.

அவர் ஜன்னலிலிருந்து என் பக்கம் திரும்பினார். என்னிடம்தான் பேசினார். "அந்த அத்தியாயத்தை எடுத்துடும்மா."

"ஐயா, அவங்க சம்மதிச்சிருக்காங்க. இதையும் சேர்த்தா போதும்னு..."

"எடுத்துடுன்னேன்."

நான் விடவில்லை. மெய்ப்புத் திருத்துகிறவள் ஆசிரியரிடம் இவ்வளவு பேசக் கூடாது. ஆனாலும் கேட்டேன்: "காட்டிக்கொடுத்ததையே எழுதத் துணிஞ்சீங்களே ஐயா. இது அதைவிடச் சின்ன விஷயம்தானே?"

"அதுதாம்மா." நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். "காட்டிக்குடுத்தேன்னு எழுதினா படிக்கிறவன் திட்டுவான். திட்டட்டும். அந்தப் பக்கம், இந்தப் பக்கம்னு இருந்த காலம், ஒரு ஆளா மதிச்சுத் திட்டுவான். இதை எழுதினா?" கொஞ்சம் மூச்சு வாங்கினார். "சிரிப்பான்மா. திரும்பவும் சிரிப்பான்."

பேனா கேட்டார். என் சிவப்புப் பேனாவைக் கொடுத்தேன். தாளை மடியில் வைத்து, கலா ஒவ்வொரு பக்கமாக எடுத்துக் கொடுக்க, மூலைக்கு மூலை கோடு போட்டார். கண் தெரியாததால் சில கோடுகள் தாளுக்கு வெளியே போய் வேட்டியில் விழுந்தன. பதினொரு பக்கமும் முடிந்ததும் கலா அவற்றை வாங்கி அலமாரி இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். இரண்டு நாளுக்கு முன் அவர் என்னிடம் கேட்டது நடந்துவிட்டது. என்னை வழியனுப்ப லிஃப்ட் வரை வந்தவர், பொத்தானை அழுத்த மறந்து அப்படியே நின்றார். "மங்குஸ்டீன் வாங்கிட்டு வந்தா அப்பா தொடவே மாட்டாரு மிஸ். ஹீட்டினஸ், உடம்புக்குச் சூடுன்னு சொல்லுவாரு. சின்ன வயசிலேர்ந்து நான் அதை நம்பிட்டிருந்தேன்" என்றார். மங்குஸ்தான் குளிர்ச்சி என்று இங்கே பழக்கடை வைத்திருப்பவர்கள் எல்லோரும் சொல்வார்கள்.

ஐந்தாம் நாள் மாலை விமானம். காலையிலேயே மார்சிலிங் போனேன். போனில் சொல்லியிருக்கலாம்தான். இந்தத் தடவை சரியான ரயில், சரியான புளோக், சரியான கதவு.

ராஜாமணி என் முகத்தைப் பார்த்ததுமே கேட்டார். "என்னம்மா, வேணாம்னுட்டாரா?"

"ஆமாம்மா."

"நான் சொன்னதையா?"

"மொத்த அத்தியாயத்தையும்."

அவர் உட்கார்ந்தார். கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. "அப்ப அது உண்மைன்னு ஒத்துக்கிட்டாரு" என்று மெதுவாகச் சொன்னார். பிறகு, "வேற எங்கயாவது எங்க வீட்டுக்காரர் பேரு வருதா?"

"இல்லம்மா. அந்த ஒரு அத்தியாயத்துலதான் இருந்துச்சு."

"ஒரு எடத்துலகூட?"

"இல்லை."

அவர் எழுந்து அடுப்பைப் பற்றவைத்தார். நேற்று வறுத்த நெத்திலியும் சோறும் வைத்தார். நான் சாப்பிட்டு முடிக்கும் வரை எதிரில் நின்றுகொண்டே இருந்தார். பிளேன் எத்தனை மணிக்கு, வீட்டில் யார் யார், திருச்சியில் இப்போது வெயிலா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். கதவருகே செருப்பு மாட்டும்போது என் தோளைத் தொட்டார்.

"அவரு பண்ணினத அவர் எழுதல, சரி. எங்க வீட்டுக்காரரு பண்ணினதுக்கு நாலு வருஷம் உள்ள இருந்துட்டு வந்துட்டாரு. நான் சிரிச்சேனே, அதை நான் யார்கிட்டம்மா சொல்றது?"

"என்கிட்ட சொல்லிட்டீங்களேம்மா."

"நீங்க ஊருக்குப் போறவங்க" என்றார்.

லிஃப்ட் வந்தது. கதவு மூடும் வரை அவர் நடைபாதையில் நின்றிருந்தார்.

திருச்சியில் மறுவாரம் வேலையைத் தொடங்கினேன். ஒரு அத்தியாயத்தை உருவினால் சாதாரணமாகப் புத்தகம் முழுக்கத் தள்ளாடும். 'முன்பே சொன்னது போல' என்று எங்காவது இருக்கும், முன்னே ஒன்றும் இருக்காது. ஒரு பெயர் அறிமுகம் இல்லாமல் வந்து நிற்கும். அப்படிப்பட்ட இடங்களைத் தேடித்தான் எனக்குச் சம்பளம். வேலாயுதத்தின் புத்தகத்தில் இரண்டு நாள் தேடினேன். ஆறாம் அத்தியாயம் கூட்டங்களோடு முடிந்தது. எட்டாம் அத்தியாயத்தை ஏழு என்று மாற்றினேன். அது கொடியேற்றத்தோடு தொடங்கியது. இரண்டும் சேரும் இடத்தில் ஒரு சொல்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. சுப்பையா இல்லாமலேயே அந்த நாடு பிறந்திருந்தது.